ஃபிளாட்டில் வளரும் ஷிட்சூ குட்டியோடு என்ன விளையாடுவது?

உங்கள் கேள்வி இதுதான்: வேளச்சேரியில் நாலாவது மாடி ஃபிளாட், பதினோரு வார ஷிட்சூ நாய்க்குட்டி, பகலில் பாட்டி மட்டும் வீட்டில், சாயங்காலம் பள்ளி விட்டு வரும் எட்டு வயது மகள். பந்து வாங்கிப் போட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது, ஆனால் பாட்டியின் முந்தானையையும் குழந்தையின் கணுக்காலையும் விடுவதில்லை. என்ன விளையாட்டு, எவ்வளவு நேரம், எப்போது கீழே இறக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் ஷிட்சூ இருக்கிறது, இப்போது இருப்பது இரண்டாவது. இரண்டையும் ஃபிளாட்டில்தான் வளர்த்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பந்து. குட்டிக்கு ஒரு குறையும் இல்லை. லேப்ரடார் சுட்ட பறவையை எடுத்து வரவும் பீகிள் முயலைத் துரத்தவும் வளர்க்கப்பட்டவை, ஓடுகிற பொருளைப் பார்த்தால் அவற்றின் ரத்தம் சூடாகும். ஷிட்சூ சீன அரண்மனையில் மனிதர் மடியில் இருப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். 1969-இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் இதை அங்கீகரித்தபோதும், துணைக்கு வளர்க்கும் சின்ன நாய்களுக்கான டாய் பிரிவில்தான் சேர்த்தது. வேட்டை, காவல், மேய்ச்சல் எதுவும் இதற்கு வேலையாக இருந்ததில்லை, மனிதர் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் வேலை. அதனால் பந்தைத் தூரமாக வீசினால் "உன்னை விட்டு அங்கே போய் நான் என்ன செய்ய" என்பது போலத்தான் பார்க்கும். நீங்களே தரையில் உட்கார்ந்து அந்தப் பந்தை உங்கள் காலுக்கு அடியில் மறைத்துப் பாருங்கள், உடனே வரும். உங்கள் முகமும் குரலும் கையும்தான் அதற்கு விளையாட்டுச் சாமான். மற்றதெல்லாம் அதோடு சேர்ந்தால்தான் ருசிக்கும்.

எவ்வளவு நேரம் என்றால், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. அப்படி நாளைக்கு ஐந்தாறு தடவை. இந்த வயதில் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டும், இருபது மணி நேரம் தூங்கினாலும் பயப்பட வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடி எல்லாரையும் கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது விளையாட்டுப் போதாமல் இல்லை, தூக்கம் போதாமல். கைக்குழந்தை தூக்கத்துக்கு அழுவதைப் போலத்தான். அப்போது இன்னும் ஓடவிட்டுக் களைப்பாக்கலாம் என்று பார்த்தால் கடி இன்னும் அதிகமாகும். விளக்கைக் குறைத்து அதன் இடத்தில் படுக்க வையுங்கள், பத்து நிமிடத்தில் தூங்கிவிடும். நாள் முழுவதற்கும் ஒரு வரிசை வைத்துக்கொண்டால் பாட்டிக்கும் எளிது: எழுந்ததும் மூத்திரம் போக வைப்பது, பிறகு சாப்பாடு, அந்தச் சாப்பாட்டையே விளையாட்டாகக் கொடுப்பது, மறுபடி தூக்கம். வெறும் வயிற்றில் ரொம்ப நேரம் ஆடவிடாதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும், அதனால்தான் இந்த வயதில் நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். திடீரென்று துவண்டு, நடை தள்ளாடினால் ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் மூக்கு விளையாட்டைச் செய்யுங்கள். மூக்கு சப்பையாக இருப்பதால் மோப்பம் வராது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நீள மூக்கு நாய்க்கு ஈடாகாது, ஆனாலும் நம்மைவிட எத்தனையோ மடங்கு மேல். தீனியைக் கிண்ணத்தில் கொட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதே தீனியைத் தேடிச் சாப்பிட வைத்தால் ஐந்து நிமிடமாவது ஆகும், மூச்சிரைக்காது, மூட்டில் பாரம் விழாது, முடிந்ததும் தானாகப் போய்ப் படுக்கும். கூடுதல் தின்பண்டம் எதுவும் தேவையில்லை, அன்றைய அளவிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் இதற்கென்று பிளாஸ்டிக் புதிர்த் தட்டுகள் விற்கிறார்கள். என் அனுபவத்தில் அவற்றையெல்லாம் விட நல்லது நம் வீட்டுக் குழிப்பணியாரக் கல்தான், அதுவும் பழைய இரும்புக் கல். கனமாக இருப்பதால் குட்டி முட்டினாலும் நகராது, கவிழாது. நன்றாக ஆறிய, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கல்லில் குழிக்கு ஒரு தீனி உருண்டை போடுங்கள். முதல் இரண்டு நாள் எதையும் மூடாமல், அது பாட்டுக்கு ஒவ்வொரு குழியாக எடுக்கட்டும். மூன்றாம் நாள் இரண்டு குழிகளின் மேல் மட்டும் டென்னிஸ் பந்தை வையுங்கள், மூக்கால் தள்ளினால்தான் கிடைக்கும். அப்புறம் நாலு பந்து. ஒரு வாரம் கழித்துச் சில குழிகளில் தீனி இல்லாமலே பந்தை வைத்தால், மோந்து பார்த்து எதைத் தள்ளலாம் என்று முடிவு செய்ய ஆரம்பிக்கும். அந்த முகத்தைப் பார்க்க உங்கள் மகள் தினமும் காத்திருப்பாள். எலுமிச்சம்பழத்தை மட்டும் மூடியாக வைக்காதீர்கள், கடித்தால் வயிற்றுக்கு ஆகாது. நான்ஸ்டிக் கல்லும் வேண்டாம், பூச்சு பெயர்ந்து வரும்.

பணியாரக் கல் இல்லையென்றால் முறத்தில் தீனியைப் பரப்பி மேலே பழைய துணியைக் கசக்கிப் போடுங்கள். ஒரு துண்டை விரித்துத் தீனியைத் தூவிப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக் கொடுத்தால் மூக்கால் உருட்டி உருட்டிப் பிரிக்கும். அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாளைப் பந்து பந்தாகச் சுருட்டிப் போட்டு நடுவே தீனியை ஒளித்து வைக்கலாம், காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போகட்டும், தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெட்டியில் ஸ்டேப்ளர் பின், ஒட்டும் டேப் இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

பாட்டியால் குனிய முடியாது என்றீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆட இரண்டு இருக்கின்றன. ஒன்று, எந்தக் கையில் இருக்கிறது. ஒரு கையில் தீனி, இரண்டு கையும் மூடி நீட்டுவது. மூக்கு சரியான கையைத் தொட்டதும் திறந்து கொடுப்பது. பிறாண்டினாலோ கடித்தாலோ கை திறக்காது, மூக்கால் தொட்டால் மட்டும் திறக்கும். இதிலேயே மென்மையாக இருக்க வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். இன்னொன்று, கண்ணைப் பார்ப்பது. பேரைச் சொல்லிக் கூப்பிடுவது, முகத்தைப் பார்த்த நொடியில் "நல்ல பிள்ளை" என்று சொல்லி ஒரு உருண்டை. இதைப் போய் விளையாட்டு என்கிறார்களே என்று தோன்றும், ஆனால் ஷிட்சூவுக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பிடிக்கும். ஒரு வாரம் செய்தால் வீட்டில் எந்த மூலையில் இருந்து கூப்பிட்டாலும் காது நிமிரும்.

மகளுக்குக் கண்ணாமூச்சி. பாட்டி குட்டியை மடியில் பிடித்துக்கொள்ள, மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லி "வா" என்று கூப்பிட வேண்டும். கண்டுபிடித்ததும் தரையில் உட்கார்ந்து கொண்டாட்டம். பிறகு மகள் பிடித்துக்கொள்ள, பாட்டி அடுத்த அறையில் இருந்து கூப்பிடுவது. கூப்பிட்டால் ஓடி வரும் பழக்கம் இப்படித்தான் ஊறுகிறது, நாளைக்கு லிஃப்ட் வாசலில் கழுத்துப்பட்டை கழன்றுபோனால் உயிரைக் காப்பாற்றுவது அந்த ஒரு சொல். அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள், ஒருவர் "வா", இன்னொருவர் "கம்", மற்றவர் "இங்க வாடா" என்றால் குழம்பும். திட்டுவதற்கோ மருந்து கொடுப்பதற்கோ அந்தச் சொல்லால் கூப்பிடவே கூடாது.

குழந்தை ஓட, குட்டி துரத்தும் ஆட்டம் மட்டும் வேண்டாம். கணுக்கால் கடி அங்கேதான் தொடங்குகிறது, ஓடுகிற கால் அதற்கு ஓடுகிற எலி மாதிரி. மகளிடம் இன்னொரு விதியும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: குட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தரையில் உட்கார்ந்துதான். நின்றபடி தூக்கக் கூடாது. இந்த வயதில் துள்ளிக் கீழே விழுந்து முன்னங்கால் முறிந்து வரும் சின்ன இனக் குட்டிகள் நிறைய. குழந்தையின் இடுப்பு உயரமே அதற்கு மாடி உயரம்.

முந்தானையை இழுப்பதற்கு வருகிறேன். இழுக்க வேண்டும், கடிக்க வேண்டும் என்கிற ஆசையைத் தடுக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து மூன்றாகப் பின்னி, மூன்று அடி நீளத்துக்கு ஒரு சடை செய்யுங்கள். நீளம் முக்கியம், பல் ஒரு முனையில், குழந்தையின் கை மறு முனையில். தரையோடு பாம்பு போல நெளித்து இழுத்தால் பாய்ந்து பிடிக்கும். பிடித்ததும் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள், மேல்நோக்கித் தூக்காதீர்கள், கழுத்தும் பால்பற்களும் தாங்காது. பத்து எண்ணுவதற்குள் சடையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு மூக்கருகே ஒரு தீனியைக் காட்டி "விடு" என்று சொல்லுங்கள். விட்டதும் தீனியும் உண்டு, மறுபடி சடையும் உண்டு. விட்டால் ஆட்டம் முடிந்துவிடாது என்று புரிந்த குட்டி, பிறகு எதை எடுத்திருந்தாலும் விடும். செருப்பு, மாத்திரை அட்டை, கோழி எலும்பு எல்லாவற்றையும். இழுக்கும் ஆட்டம் நாயை முரடாக்கும் என்று சொல்வார்கள், விதியோடு ஆடினால் நேர்மாறு. ஆடி முடிந்ததும் சடையை எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள், தனியாக விட்டால் நூலைப் பிரித்து விழுங்கும், நூல் குடலில் சிக்கினால் அறுவைச் சிகிச்சைதான். மகளின் ஹேர் பேண்டும் இதே ஆபத்து.

பாட்டியின் புடவையைப் பிடித்தால் பாட்டி சத்தம் போடாமல், இழுக்காமல், அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் இழுக்க இழுக்க அது ஆட்டமாகிவிடும். பக்கத்தில் சடை தயாராக இருந்தால் அதை ஆட்டிக் காட்டினால் போதும்.

இன்னும் ஒரு மாதத்தில் பால்பற்கள் விழ ஆரம்பிக்கும், மொத்தம் 28. நிரந்தரப் பற்கள் 42, ஆறு ஏழு மாதத்துக்குள் வந்துவிடும். அதுவரை கடி கூடும், குறையாது, அதனால் மனம் தளராதீர்கள். நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த துணியைக் கடிக்கக் கொடுங்கள், ஈறு குளிர்ந்ததும் அமைதியாகும். சின்ன இனங்களில் பால்பல் விழாமலே பக்கத்தில் புதிய பல் முளைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, கோரைப்பல்லை மட்டும் ஆறாவது மாதத்தில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம், தரை. உங்கள் வீட்டில் பளபளவென்று விட்ரிஃபைட் டைல்ஸ் இருக்கும். எங்கள் முதல் குட்டி அப்படிப்பட்ட தரையில்தான் ஓடி, சோபாவிலிருந்து குதித்து, திரும்பி, வழுக்கி வளர்ந்தது. அழகாக இருக்கிறது என்று வீடியோ எடுத்தோம். ஒரு வயதுக்குள் ஓடும்போது நடுவில் ஒரு பின்னங்காலை மட்டும் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டுத் தாவி மறுபடி ஊன்ற ஆரம்பித்தது. முழங்கால் சில்லு இடம் விட்டு நழுவுகிறது என்றார் டாக்டர். சின்ன இனங்களில் பிறப்பிலேயே இதற்கு வாய்ப்பு அதிகம், தரையும் குதிப்பும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அவை அதை நிச்சயம் மோசமாக்கும். மாடிப்படி ஏறும்போது அது காலைத் தூக்குவதை அதன் கடைசி வருடம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் விளையாடும் இடத்தில் ரப்பர் அடிப்பாகம் உள்ள விரிப்பைப் போடுங்கள், கோரைப்பாய் வேண்டாம், அது தானே வழுக்கும். உள்ளங்கால் முடியை வெட்டிவிடுங்கள். சோபா, கட்டிலிலிருந்து ஒரு வயது வரை குதிக்க விடாதீர்கள், நீங்களே ஏற்றி நீங்களே இறக்குங்கள். இரண்டு காலில் நிற்க வைத்துத் தீனி காட்டும் பழக்கமும் வேண்டாம்.

அடுத்தது சூடு. நாய் உடம்பைக் குளிர்விப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பால், வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் வெப்பம் வெளியேறும். ஷிட்சூவுக்கு மூக்கு குட்டை, காற்று போகும் வழியும் இடுக்கு. சென்னைக் காற்றிலோ ஈரப்பதம் அதிகம், ஈரம் ஆவியாகவே மாட்டேன் என்கிறது. இரண்டும் சேரும்போது மற்ற நாய்க்கு ஒன்றுமில்லாத ஐந்து நிமிட ஓட்டம் இதற்கு ஆபத்து. ஓடுகிற ஆட்டமெல்லாம் காலை ஆறரைக்குள் அல்லது ராத்திரி ஏழுக்கு மேல், அதுவும் தூக்கம் போதாமல் கடிக்காத நேரத்தில் மட்டும், பகலில் மூக்கு விளையாட்டு மட்டும். நாக்கு அகலமாக வெளியே தொங்கி, மூச்சில் கரகரவென்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அகலமான தாம்பாளத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி நாலு ஐஸ் கட்டியை மிதக்க விட்டால் காலால் தட்டித் தட்டி விளையாடும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டாதீர்கள், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இந்த இனத்துக்குக் கண்குழி ஆழமில்லை, பிடரியை இழுத்தாலோ பெரிய நாய் விளையாட்டாகத் தலையில் அறைந்தாலோ விழி வெளியே பிதுங்கிவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நடக்கிற விஷயம். அடுத்த பிளாக்கில் ஒரு லேப்ரடார் குட்டி இருக்கிறது, ஜோடி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் அளவிலேயே, தடுப்பூசி முடிந்த ஒரு அமைதியான நாய் கிடைத்தால் பழக்குங்கள்.

எப்போது கீழே இறக்குவது? இரண்டு ஊசி முடிந்திருக்கிறது என்கிறீர்கள். பதினாறு வாரத்தை ஒட்டிய கடைசி ஊசியும் ரேபிஸ் ஊசியும் போட்டு, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் தெருத் தரையில் கால் பட வேண்டும். குட்டிகளின் உயிரையே பறிக்கும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தப்பு, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். குட்டிகள் உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினாலாவது வாரத்தோடு மூடத் தொடங்குகிறது, உங்களுக்கு இன்னும் மூன்றே வாரம்தான் இருக்கிறது. தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக் குட்டியை அதில் வைத்துக்கொண்டு போங்கள். ஒருநாள் லிஃப்ட், ஒருநாள் வாட்ச்மேன் தாத்தா, ஒருநாள் ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், ஒருநாள் பூக்காரம்மாவின் குரல். ஒவ்வொன்றையும் பார்த்ததும் ஒரு உருண்டை. வீட்டில் குக்கர் விசில் வந்தால் ஒரு உருண்டை, மிக்சி ஓடினால் ஒரு உருண்டை. பட்டாசுச் சத்தத்தை ஃபோனில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவு வைத்து அதன் மேல் பணியாரக் கல் விளையாட்டை ஆடுங்கள், வாரம் வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆரம்பித்தால் பலன் இருக்காது.

சீப்பையும் விளையாட்டாக்கிவிடுங்கள், ஏனென்றால் இந்த முடியைத் தினமும் சீவியாக வேண்டும், பெரிதானதும் பழக்க முடியாது. உள்ளங்கையை நீட்டி அதில் குட்டி தாடையை வைத்தால் ஒரு உருண்டை. தாடை கையில் இருக்கும்போது ஒரு சீவல், ஒரு உருண்டை. பாதத்தைத் தொடுவது, காதைத் தூக்கிப் பார்ப்பது, கண்ணோரம் பஞ்சால் துடைப்பது, எல்லாம் இதே மாதிரி. ஒரு தட்டில் ஒரு ஸ்பூன் தயிரைத் தடவி நக்க விட்டுச் சீவினால் பாட்டியே செய்துவிடுவார்கள். தின்னக் கொடுக்கும்போது திராட்சையும் சரி, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் சரி, சாக்லேட், வெங்காயமும் சரி, ஒரு துளியும் கூடாது. மாங்கொட்டையையும் எட்டாத இடத்தில் போடுங்கள்.

தனியாக இருப்பதையும் இப்போதே விளையாட்டாகப் பழக்குங்கள். மனிதரோடு இருக்கவே பிறந்த நாய் தனிமையில்தான் உடையும், பாட்டி ஒருநாள் ஊருக்குப் போக வேண்டியிருக்குமே. துண்டுச் சுருளைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நொடியில் திரும்புங்கள், பேசாமல், கொஞ்சாமல். மறுநாள் அரை நிமிடம், அடுத்த வாரம் ஐந்து நிமிடம். அழ ஆரம்பிப்பதற்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும், அழுகிறதென்றால் நீங்கள் நேரத்தை அதிகமாகக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வாங்கிய பந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களுடைய இரண்டாவது குட்டி ஐந்தாவது மாதத்தில்தான் பந்தைத் தொட்டது. நான் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து, வீசாமல், ஓரடி தூரம் உருட்டி உருட்டித் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூக்கால் தள்ளித் திருப்பி அனுப்பியது. இப்போது அதற்கு நாலு வயது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து என் கால்மாட்டில் வைக்கும். ஓரடிக்கு மேல் உருட்டினால் எடுக்கப் போகாது.